திருகாணி இல்லாத விளக்கு

அத்தியாயம் 17

சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் நடந்த சண்டையில் ஜெயித்தது எப்சிதான்.

கூடுவாஞ்சேரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிரச்சைப் பார்த்து, பெயரையும் பதிந்துவிட்டு வந்திருந்தாள் தம்பி மனைவி ஜென்சி. "எனக்கு ஜனவரி ரெண்டு வரைக்கும் லீவு. இருபது வருஷமா ஊரார் பிள்ளைங்களப் பாத்துக்கிறேன். என் தம்பி பிள்ளைய எனக்குப் பாத்துக்கத் தெரியாதா?" என்று எப்சி கேட்டாள். ஃபிரெடி வழக்கம்போல் அக்கா பக்கம் சாய்ந்தான். ஜென்சி பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அத்தோடு கிரச் பேச்சு நின்றது.

இன்று திங்கட்கிழமை. ஜென்சி இரண்டு வருடம் கழித்துக் காட்டாங்குளத்தூரில் கல்லூரி அலுவலக வேலைக்குத் திரும்பிய முதல் நாள். ஃபிரெடி ஒரகடம் தொழிற்சாலைக்கு விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிட்டான். ஊரப்பாக்கம் வீட்டில் எப்சியும், ஒரு வயது பத்து மாதமான ஸ்டெபினும் மட்டும்.

பதினொன்றே கால் இருக்கும். குக்கரை இறக்கிவைத்துவிட்டு எப்சி ஹாலுக்கு வந்தாள். ஸ்டெபினின் கட்டைவிரலில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் காலடியில் ஒரு விளக்கு கிடந்தது. மெழுகுவர்த்தி மாதிரி செய்த சின்ன பிளாஸ்டிக் விளக்கு. அடிமூடி தனியாகக் கிடந்தது. பேட்டரி இருக்க வேண்டிய வட்டக் குழி காலி.

எப்சி ஒரு முறைதான் பார்த்தாள். ஒரு முறையே போதுமானதாக இருந்தது.

அந்த விளக்குகளின் கதை அவளைத் தவிர யாருக்கும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. இரண்டு வருடங்களுக்கு முன் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஆராதனையின்போது ஒரு பெண்ணின் துப்பட்டாவில் நெருப்புப் பிடித்தது. அணைத்துவிட்டார்கள், காயம் எதுவும் இல்லை. ஆனாலும் இனிப் பிள்ளைகள் கையில் நெருப்பே வேண்டாம் என்று கமிட்டியில் எழுந்து பேசியவள் சண்டே ஸ்கூல் பொறுப்பாளர் எப்சி. பாரிமுனையில் அலைந்து நூற்றிருபது எல்இடி விளக்குகள் வாங்கி வந்தவளும் அவளே.

இந்த வருடம் எல்லாவற்றுக்கும் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு விளக்கின் அடியிலும் ஒரு திருகாணி. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் திருப்புளியைப் போட்டால்தான் திரும்பும், அவ்வளவு சின்னது. கழற்றுவதற்குள்ளேயே சனிக்கிழமை போய்விட்டது. திரும்பப் பூட்டும்போது இருபதாவது விளக்கில் எப்சியின் கண் வலித்தது.

"டேப் ஒட்டிடு கிறிஸ்டினா," என்றாள், உதவிக்கு வந்த பெண்ணிடம். "அடுத்த வருஷம் மறுபடி இதையேதான் கழட்டணும்."

"பூட்டின இருபதையும் கழட்டிடவாக்கா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்."

"கழட்டிடு."

நூற்றிருபது திருகாணிகளும் ஒரு காலி தைலப் புட்டியில் போய் எப்சியின் கைப்பையில் இருந்தன. நூற்றிருபதாவது விளக்கைத்தான், பார்வைக்கு ஒன்று இருக்கட்டும் என்று, நேற்று வீட்டுக்கு எடுத்து வந்து டிவி ஸ்டாண்டில் வைத்தாள்.

ஸ்டெபின் இருமினான். பிறகு ஓங்கரித்தான். வாயோரத்தில் எச்சில் நூலாக இறங்கியது. அழவில்லை, ஏதோ புரியாத ஒன்று நடந்துவிட்டதுபோல் அத்தையைப் பார்த்தான்.

அந்த நிமிடம் எப்சி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதைச் செய்யாமல் மண்டியிட்டு பேட்டரியைத் தேடினாள். எங்காவது உருண்டு போயிருக்கும். டீப்பாய்க்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில். சோபாவைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டாள். ஒரு கிரேயான், காய்ந்த முறுக்குத் துண்டு, ஜென்சியின் ஒற்றைக் கம்மல். பேட்டரி இல்லை. சமையலறைக்கு ஓடி ஒரு வாழைப்பழத்தை உரித்து வந்தாள். மீன் முள் சிக்கினால் அவள் வீட்டில் அப்படித்தான் இறக்குவார்கள். மென்மையாக ஒரு துண்டு கொடுத்தாள்; விழுங்கினான். இரண்டாவது துண்டு எச்சிலோடு வெளியே வந்தது.

வாசலில் ஹாரன் கேட்டது. திங்களும் வியாழனும் கோவளத்திலிருந்து மொபெட்டில் மீன் பெட்டியோடு வரும் தனம்.

"டீச்சர், சங்கரா கீது, நண்டு கீது. இன்னா வேணும்?"

பதில் வராததால் உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னா தேடிகினு கீறீங்க? புள்ள ஏன் இப்டி எச்சி ஊத்திகினு கீது?"

"காசு முழுங்கிட்டான்," என்றாள் எப்சி.

அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் அவள் பலமுறை யோசித்துப் பார்த்தாள். திட்டமிட்டுச் சொன்னதில்லை. காசு என்றால் எல்லா வீட்டிலும் நடப்பது. பேட்டரி என்றால் எந்த பேட்டரி, எங்கே இருந்தது, மூடி எப்படித் திறந்தது என்று கேள்வி வரும். கேள்விகளின் கடைசியில் ஒரு செலோடேப் இருந்தது. அதற்கும் பின்னால் கூடுவாஞ்சேரி கிரச் இருந்தது.

"அதுக்கு வாழப்பயம் குடுக்கிறீங்களா?" தனம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து பழத்தைப் பிடுங்கி வைத்தாள். "முள்ளு மாட்னா சோத்து உருண்டய குடுத்து எறக்கலாம். இது இன்னா முள்ளா? படிச்சவங்கோ நீங்க. ஏந்திரிங்க, வண்டில குந்துங்க."

"உன் மீனு..."

"மீனு எங்கயும் பூடாது, செத்துதான் கீது. வாங்க."

எப்சி கைப்பையை மாட்டிக்கொண்டாள். கிளம்பும்முன் விளக்கையும் மூடியையும் டேப் துண்டையும் பொறுக்கி அதே பைக்குள் போட்டாள். தனம் அப்போது பெட்டியை இறக்கி வாசற்படியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

*

ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய அந்தச் சின்ன கிளினிக்கில் கூட்டம் இல்லை. டாக்டரம்மா ஸ்டெபினின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"என்ன முழுங்கினான்?"

"ஒரு ரூபா காசு."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் டாக்டர். கையில வச்சிருந்தான். நான் வர்றதுக்குள்ள வாயில போட்டுட்டான்."

இரண்டாவது தடவை சொல்லும்போது பொய்க்குக் கைகூட முளைத்துவிட்டது.

"மூச்சு நல்லா இருக்கு. காசு பாதி நேரம் தானாவே எறங்கிடும். எக்ஸ்ரே எடுக்கிறவர் ஒரு மணிக்கு வந்துடுவார். எங்க நிக்குதுன்னு பாத்துட்டு, எறங்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். அதுவரைக்கும் வாயில எதுவும் குடுக்காதீங்க. எச்சில் அதிகமானா, மூச்சு இழுத்தா உடனே கூப்பிடுங்க."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பது.

தனம் மீனைப் பார்க்கக் கிளம்பினாள். "ஒண்ணும் ஆவாது டீச்சர். என் தங்கச்சி புள்ள அஞ்சு ரூபா முழுங்கிச்சு, மறுநாளே வந்துடுச்சு. கழுவி வச்சிருக்கா, காட்டச் சொல்றேன் உங்களுக்கு." சிரிக்க வைக்கப் பார்த்தாள். எப்சி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவும் பின்னால் வெட்கப்பட்டாள்.

நீல நாற்காலியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எச்சில் அவள் சேலை மடிப்பை நனைத்து உள்ளே இறங்கியது. உப்புநீர். போன மாதம்தான் பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் காட்டினாள்: ஒரு கண்ணாடி முகவையில் உப்புநீர், அதற்குள் இதே போன்ற வட்ட பேட்டரி. சில நிமிடங்களில் ஓரத்தில் குமிழிகள். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தபோது நீலமானது. "என்ன உண்டாச்சு?" என்று கேட்டாள். "காரம் மிஸ்," என்று வகுப்பே சொன்னது. "கையில பட்டா?" "அரிக்கும் மிஸ்."

அவள் மடியில் இப்போது அதே பாடம் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியும். இந்தக் கட்டிடத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தாள். இரண்டு முறையும் டாக்டரின் அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அது ஒரு காரணமே இல்லை.

எப்சி போனில் சொன்னதும் கிளம்பி, பன்னிரண்டரைக்கு ஜென்சி வந்தாள். ரயிலில் வந்திருக்கிறாள், ஸ்டேஷனிலிருந்து ஓடி வந்ததில் முகம் சிவந்து, கழுத்தில் புதிய அடையாள அட்டை முதுகுப் பக்கம் திரும்பிக் கிடந்தது.

"அண்ணி, எங்க? மூச்சு விடுறானா?"

"விடுறான். எக்ஸ்ரே ஒரு மணிக்கு."

ஸ்டெபின் அம்மாவைப் பார்த்ததும் கைநீட்டி அவள் தோளில் ஏறினான். எச்சில் அவள் அட்டையிலும் வழிந்தது. முதுகைத் தடவியபடி ஜென்சி கேட்டாள்:

"காசு எங்கண்ணி கெடச்சது இவனுக்கு? நம்ம வீட்ல கீரைக்கே ஜிபேதான் பண்றோம்."

எப்சியின் வாய் திறந்தது. "டீப்பாய் மேல இருந்திருக்கும்."

ஜென்சியின் கை நின்றது. எதையோ நினைத்துப் பார்த்தாள். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான்தான்," என்றாள். "நேத்து இவன் காணிக்கை போடட்டும்னு பர்ஸ்ல தேடி ஒரு ரூபா எடுத்து வெச்சேன். கெளம்புற அவசரத்துல அங்கயே விட்டுட்டேன் போல. என் தப்பு அண்ணி."

எப்சி கைப்பையை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

"கிரச் விஷயத்துல உங்கள எவ்ளோ மட்டமா நெனச்சேன் தெரியுமா? காலைல ட்ரெயின்ல வரும்போதுகூட, இவங்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களத்தான் மேய்க்கத் தெரியும், சின்னக் கொழந்தையப் பத்தி என்ன தெரியும்னு மனசுல திட்டிக்கிட்டே வந்தேன். கடைசில கண்ட எடத்துல காச வெச்சிட்டுப் போனது நான். தூக்கிட்டு ஓடியாந்தது நீங்க." அவள் அழ ஆரம்பித்தாள். அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க தம்பிகிட்ட நான் என்ன சொல்வேன்."

டீப்பாய் மேல் இருந்த அந்த ஒரு ரூபாயை எப்சி நேற்றே பார்த்திருந்தாள். எடுத்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்து, சர்ச்சில் காணிக்கைப் பையில் தன் கையாலேயே போட்டிருந்தாள்.

ஸ்டெபின் மறுபடி ஓங்கரித்தான். ஜென்சியின் தோளில் விழுந்த எச்சிலில் பழுப்பாக ஒரு கோடு இருந்தது.

எப்சி எழுந்தாள். டாக்டரின் அறைக் கதவைத் தட்டாமல் தள்ளித் திறந்தாள். உள்ளே ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே பிள்ளையோடு ஜென்சி.

"டாக்டர், காசு இல்ல. பேட்டரி."

டாக்டரம்மாவின் கை பாதியில் நின்றது. "என்ன பேட்டரி?"

எப்சி பையைக் கவிழ்த்தாள். விளக்கு, மூடி, டேப் துண்டு, கர்ச்சீப், தைலப் புட்டி எல்லாம் மேசையில் விழுந்தன. "லித்தியம். மூணு வோல்ட். இருபது மில்லிமீட்டர்." கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல் குரல் தானாக ஒழுங்காக வந்தது.

"எத்தனை மணிக்கு?"

"பதினொன்னே கால். அதுக்கு முன்னாடியும் இருக்கலாம்."

"பேட்டரின்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

ஜென்சியைப் பார்க்காமல் சொன்னாள். "பதினொன்னே கால்."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பத்தைந்து. திட்டவில்லை. அதற்கு அவருக்கு நேரம் இல்லை. பெரியவரைக் கையைக் காட்டி எழுப்பிவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டு நூற்றெட்டுக்குப் போன் போடச் சொன்னார். எதிர்க் கடையில் தேன் வாங்கி வரச் சொன்னார். தன் போனில் தாம்பரம் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையை அழைத்து, "பட்டன் பேட்டரி, ஒண்ணரை மணி நேரம், எச்சில்ல ரத்தம், உடனே எண்டோஸ்கோபி வேணும், தியேட்டரைத் தயார் பண்ணுங்க," என்று வரிசையாகச் சொன்னார்.

தேன் வந்தது. ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன். "ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு இது கொஞ்சம் தடுக்கும், அவ்ளோதான். மருந்து இல்ல. விழுங்க முடிஞ்சா மட்டும் வழியில பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு ஸ்பூன். வாந்தி எடுக்க வைக்காதீங்க. வேற எதுவும் குடுக்காதீங்க."

எப்சிக்கு வாழைப்பழம் ஞாபகம் வந்தது. இந்த முறை காத்திருக்கவில்லை.

"பழம் குடுத்தேன் டாக்டர். ஒரு துண்டு உள்ள போச்சு."

"அதையும் அங்க சொல்லுங்க. மயக்க மருந்து குடுக்கிறவர் கேப்பார்." ஒரு கணம் எப்சியைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்கிறீங்க?"

"டீச்சர். பிசிக்ஸ்."

டாக்டர் தேன் பாட்டிலை மூடி ஜென்சியிடம் கொடுத்தார். ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று எப்சிக்குத் தோன்றியது.

*

ஆம்புலன்ஸ் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைக் கடக்கவே ஆறு நிமிடம் பிடித்தது. வண்டலூரில் பாலத்துக்கு ஏறும் இடத்தில் ஒரு லாரி வழிவிடவில்லை. பெருங்களத்தூர் வரைக்கும் ஜென்சி ஸ்பூனையும் தேன் பாட்டிலையும் பிடித்தபடி பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் எப்சி. இருவர் முழங்காலும் இடித்துக்கொண்டன. ஜென்சி தன் காலை ஒதுக்கிக்கொண்டாள்.

அவ்வளவுதான் அவள் செய்தது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே ஐந்தே நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். இளம் டாக்டர் ஒருவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பிஞ்சு விலா எலும்புகளுக்கு மேலே, கழுத்துக்குச் சற்றுக் கீழே, முழு நிலா மாதிரி ஒரு வட்டம்.

"காசா இருந்தா ஒரே ஓரம்தான் தெரியும். இங்க பாருங்க, ஓரத்துக்குள்ள இன்னொரு வளையம். பேட்டரிதான். உணவுக்குழாயில நிக்குது." திரும்பி, "கடைசியா என்ன சாப்பிட்டான்?" என்றார்.

"பதினொன்னரைக்கு வாழைப்பழம். ஒரு துண்டு. நான்தான் குடுத்தேன்," என்றாள் எப்சி. அதற்குள் அவளுக்குச் சொல்லிப் பழக்கமாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாக வலித்தது.

"மயக்கம் குடுக்க வயிறு காலியா இருக்கணும். ஆனா காத்திருக்க முடியாது. ரிஸ்க் எடுத்துத்தான் ஆகணும். அம்மா யாரு? கையெழுத்துப் போடுங்க."

ஜென்சி போட்டாள். கல்லூரியில் காலையில் வருகைப் பதிவேட்டில் போட்ட அதே பேனா.

ஒன்றே முக்காலுக்குத் தியேட்டர் கதவு மூடியது.

ஃபிரெடிக்குத் தகவல் போகவே இரண்டு மணியாயிற்று. இயந்திரங்கள் ஓடும் ஷாப் ஃப்ளோருக்குள் போன் எடுத்துப்போக விடமாட்டார்கள். சூப்பர்வைசர் மூலம் சொல்லி, அவன் லைனுக்கு வந்தபோது ஜென்சி போனை எப்சியிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

"அக்கா? என்னாச்சுக்கா? காசு முழுங்கிட்டான்னு ஜென்சி மெசேஜ் போட்டிருந்தா, இப்பதான் பாத்தேன்..."

"காசு இல்லடா. பேட்டரி. சர்ச் விளக்குல இருந்தது. மூடிக்கு ஸ்க்ரூ போடாம நான் டேப் ஒட்டச் சொன்னேன். முழுங்கினது பேட்டரின்னு தெரிஞ்சும் காசுன்னு சொன்னேன். ஒண்ணரை மணி நேரம்."

மறுமுனையில் ஏதோ இயந்திரம் சீராக அடித்துக்கொண்டிருந்தது.

"வரேன்," என்றான் ஃபிரெடி. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக, "அக்கா" என்று சொல்லாமல் போனை வைத்தான்.

இரண்டரைக்கு டாக்டர் வெளியே வந்தார். சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் காட்டினார். அடியில் பேட்டரி. வெள்ளியாக மின்ன வேண்டியது ஒரு பக்கம் கறுத்து, அரித்து, பொரிந்திருந்தது.

"எடுத்தாச்சு. ஆனா உள்ள ரெண்டு பக்கமும் சுட்டிருக்கு. ஓட்டை விழல, இப்போதைக்கு. பேட்டரி வெளிய வந்த பிறகும் புண்ணு சில நாள் ஆழமாகும். அதனால வாய்வழியா ஒண்ணும் கிடையாது. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி உள்ள பாக்கணும். அப்பதான் எதுவும் சொல்ல முடியும்."

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" என்று கேட்டது ஜென்சி.

டாக்டர் தயங்கினார். "எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் நல்லதுதாம்மா." டப்பாவை மூடினார். "இந்த மாதிரி விளக்கு வீட்ல இன்னும் இருக்கா? இருந்தா முதல்ல எடுத்துடுங்க."

"இல்ல டாக்டர். வீட்ல ஒண்ணுதான்..." என்று ஆரம்பித்த எப்சி நிறுத்தினாள்.

நேற்று ஆராதனை முடிந்து பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தது கண்முன் வந்தது. "நாளன்னைக்கு சாயந்தரம் எல்லாரும் விளக்கோட வரணும். வீட்ல ஏத்திப் பாடிப் பழகுங்க. தொலைச்சா வேற கிடையாது." ஒவ்வொரு கையிலும் ஒன்றாகக் கொடுத்தது அவள்தான். எண்பது வீடுகள். நூற்றுப் பத்தொன்பது விளக்குகள். எத்தனையோ வீட்டில் தம்பி, தங்கை என்று தரையில் தவழும் ஒன்று.

சண்டே ஸ்கூல் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவைத் திறந்தாள். விரல்கள் வேகமாக ஓடின. 'அன்பான பெற்றோரே, விளக்குகளில் சிறு தயாரிப்புக் குறை இருப்பது தெரியவந்துள்ளதால்...'

பக்கத்தில் நிழல் விழுந்தது. ஜென்சி. திரையைப் படித்துவிட்டாள்.

"குறை கம்பெனியோடதா அண்ணி?"

குரல் உயரவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவள்போல் கேட்டாள்.

எப்சி எழுதியதை அழித்தாள். கடைசி எழுத்துவரை அழிந்து திரை வெறுமையானது. பிறகு வேறு எழுதினாள்.

'நான் எப்சி. நேற்று நான் கொடுத்த விளக்குகளின் பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லை. நான்தான் டேப் ஒட்டச் சொன்னேன். என் தம்பி பிள்ளை அந்த பேட்டரியை விழுங்கி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். விளக்கை உடனே எடுத்து, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பேட்டரி உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பழம், சோறு கொடுக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசு என்று சொல்லாதீர்கள். எடுத்துவைத்தவர்கள் இங்கே பெயர் போடுங்கள்.'

அனுப்பினாள்.

பதில்கள் வரத் தொடங்கின. எடுத்துட்டோம். பத்திரம். பிள்ளைக்காக ஜெபிக்கிறோம். நடுவில் ஒரு அப்பா: 'டீச்சர், நீங்களா இப்படி?' அதற்கு எட்டுப் பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். கிறிஸ்டினா போன் செய்து அழுதாள். "ஒட்டினது நான்தானேக்கா. என் பேரையும் போட்டிருக்கலாமே."

"ஒட்டினது நீ. ஒட்டச் சொன்னது நான். பூட்டின இருபதையும் கழட்டச் சொன்னதும் நான். அழாத. பேர் போடாத வீட்டுக்கெல்லாம் போன் பண்ணு."

ஐந்து மணிக்கு எழுபத்தொன்பது வீடுகள் பெயர் போட்டிருந்தன. ஃபிரெடி வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மிச்சம் ஒரு வீடு. ஜெயஸ்ரீ. ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது, சர்ச்சுக்குப் புதுசு. இரண்டு விளக்குகள் வாங்கிப் போனாள், மூத்தவளுக்கு ஒன்று, 'அக்காவப் பாத்து அழுவா' என்று ஒன்றரை வயது சின்னவளுக்கு ஒன்று. எப்சிதான் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். காலையில் படப்பையில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். போன் அணைந்து கிடக்கிறது. குழுவில் அனுப்பிய செய்தியைப் பார்த்தவர்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

எப்சி எழுந்தாள். ஜென்சியின் முன்னால் போய் நின்றாள். மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைக் கேட்பதுகூட இவளிடம் இன்னொன்றைப் பிடுங்குவதுபோல் இருந்தது.

"படப்பைக்குப் போகணும். அவங்க அம்மா வீடு கடைத்தெருவுக்குப் பின்னாடின்னு கிறிஸ்டினா சொன்னா. விசாரிச்சுக் கண்டுபிடிச்சிடுவேன். ஆனா இவன விட்டுட்டு..."

ஜென்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கிளினிக்கில் டாக்டரின் அறையைத் தாண்டிய பிறகு இப்போதுதான் நேராகப் பார்க்கிறாள்.

"போங்க அண்ணி," என்றாள். "இவனுக்கு நாங்க இருக்கோம்."

எப்சி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் பைக்குள் தைலப் புட்டியில் திருகாணிகள் கலகலத்தன. கடைசிப் படியில் நின்று ஜெயஸ்ரீயின் எண்ணை மறுபடி அழைத்தாள்.

இந்த முறை மணி அடித்தது. மூன்றாவது மணியில் யாரோ எடுத்தார்கள். பேச்சு இல்லை. பின்னால், எங்கோ உள்ளறையில், ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது.